கொடையாளர் ரத்தத்தில் ஆன்டிபாடி: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் குரூப் ஓ நெகட்டிவ். இரண்டு பிள்ளைகள், இளையவனுக்கு மூன்று வயது. போன மாதம் எங்கள் ஊர் முகாமில் முதன்முறையாக ரத்தம் கொடுத்தேன். நான்காம் நாள் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. 'உங்கள் ரத்தத்தில் ஆன்ட்டி-டி என்கிற ஆன்டிபாடி இருக்கிறது, ஒருமுறை நேரில் வாருங்கள்' என்றார்கள். வீட்டில் அத்தை பயந்துபோய்ச் சரியாகச் சாப்பிடுவதில்லை. இது என்ன நோய்?
(தேனி வாசகி)

பதில்: நோயே இல்லை. அதை முதலில் அத்தையிடம் சொல்லிவிடுங்கள். இது யாருக்கும் தொற்றாது, உங்கள் உடம்புக்கும் ஒன்றும் செய்யாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை போன்ற தொற்றுச் சோதனைகளுக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பில்லை.

நடந்தது இதுதான். உங்கள் சிவப்பணுக்களின் மேல் டி ஆன்டிஜென் என்ற அடையாளப் பொருள் கிடையாது, அதனால்தான் நெகட்டிவ். அப்பாவிடமிருந்து டி வாங்கிய பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, முக்கியமாகப் பிரசவ நேரத்தில், பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். தாயின் உடம்பு அந்த அணுக்களை அந்நியமாகப் பார்த்து ஆன்ட்டி-டி என்ற எதிர்ப்புப் புரதத்தை (ஆன்டிபாடி) தயாரிக்கத் தொடங்கும். இதைத் தடுக்கத்தான் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் 300 மைக்ரோகிராம் ஆன்ட்டி-டி ஊசி போடுகிறார்கள். பிள்ளையின் சிவப்பணு 15 மில்லி வரை கலந்திருந்தால் அதைச் சமாளிக்க அந்த அளவு போதும். ஊசி விட்டுப்போயிருக்கலாம், அல்லது கலந்த ரத்தம் அதைவிட அதிகமாக இருந்திருக்கலாம்.

ஊசியில் வந்த ஆன்ட்டி-டிதான் இப்போது தெரிகிறதோ என்று சிலர் கேட்பார்கள். ஊசி மருந்தின் அளவு சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மூன்று வருடம் கழித்துத் தெரிகிறது என்றால் அது உங்கள் உடம்பு தயாரித்தது.

இனி செய்ய வேண்டியவை. ரத்த வங்கி கொடுக்கும் ஆன்டிபாடி அட்டையை வாங்கி ஆதார் அட்டையோடு சேர்த்து வையுங்கள். இன்னொரு முறை கருவுற்றால் முதல் பரிசோதனையிலேயே அந்த அட்டையைக் காட்டுங்கள். ஆன்டிபாடியின் டைட்டர் (அதன் வலிமையைக் காட்டும் எண்) 16 அல்லது 32 என்ற எல்லையைத் தொட்டால் (லேபுக்கு லேப் இந்த எல்லை மாறும்) கருவின் மூளை ரத்தக்குழாயில் டாப்ளர் ஸ்கேன் எடுத்துச் சோகை இருக்கிறதா என்று கண்காணிப்பார்கள். ஒரு முறை ஆன்டிபாடி உண்டான பிறகு தடுப்பு ஊசியால் பயன் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கே ரத்தம் தேவைப்பட்டால் டி நெகட்டிவ் ரத்தம்தான் ஏற்ற வேண்டும், எந்த அவசரத்திலும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் பிளாஸ்மா வீண் என்று நினைக்க வேண்டாம். ஆன்ட்டி-டி ஊசி பலவும் தயாராவது இப்படிப்பட்டவர்களின் பிளாஸ்மாவிலிருந்துதான். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் தம் 81 வயது வரை 1,173 முறை கொடை கொடுத்தார். அவர் பிளாஸ்மாவில் இருந்ததும் இதே ஆன்ட்டி-டிதான்.

கேள்வி: ரத்தம் ஏற்றும் முன் எப்படியும் கிராஸ்மேட்ச் செய்கிறோம். பொருந்தாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடுமே! கொடையாளரின் ரத்தத்தில் வேறு ஆன்டிபாடி தேடுவது இரட்டை வேலை இல்லையா?
(மதுரை, லேப் டெக்னீஷியன் படிப்பு மாணவர்)

பதில்: கிராஸ்மேட்ச்சில் டியூபுக்குள் என்னென்ன போடுகிறீர்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நோயாளியின் பிளாஸ்மா, கொடையாளரின் சிவப்பணு. கொடையாளரின் பிளாஸ்மா அந்த டியூபுக்குள் வருவதே இல்லை. அதில் ஆன்ட்டி-டியோ, கெல் என்ற இன்னொரு ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்ட்டி-கெல்லோ இருந்தால் கிராஸ்மேட்ச் நூறு முறை போட்டாலும் தெரியாது.

முன்பு மைனர் கிராஸ்மேட்ச் என்று ஒன்று இருந்தது: கொடையாளரின் பிளாஸ்மாவையும் நோயாளியின் அணுவையும் சேர்த்துப் பார்ப்பது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு பைக்கும் அதைச் செய்வதைவிட, பை உள்ளே வந்த அன்றே ஒரு முறை ஸ்கிரீனிங் (கொடையாளரின் பிளாஸ்மாவில் ஆன்டிபாடி தேடும் சோதனை) செய்துவிட்டால் போதும் என்பதால்தான் அதைக் கைவிட்டார்கள். ஸ்கிரீனிங் செய்யாத இடத்தில் மைனரையும் விட்டுவிட்டால் அந்தக் கதவுக்குக் காவலே இல்லை.

சரி, ஆபத்து எவ்வளவு? பையைப் பொறுத்தது. 450 மில்லி பையில் 63 மில்லி உறைவுத் தடுப்பான் இருக்கும். கொடையாளரின் பிளாஸ்மா ஏறக்குறைய 250 மில்லி. அதைப் பிரித்து, சிவப்பணுவைக் கெடாமல் காக்கும் எஸ்.ஏ.ஜி.எம். கரைசல் சேர்த்த சிவப்பணுப் பையில் மிஞ்சுவது பத்து முதல் முப்பது மில்லிதான். பெரியவர் ஒருவரின் மூன்று லிட்டர் பிளாஸ்மாவில் அது நூறு மடங்காவது நீர்த்துவிடும். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

பச்சிளம் குழந்தைக்கு இந்தக் கணக்கு செல்லாது. மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே 250 மில்லி, அதில் பாதி பிளாஸ்மா. கிலோவுக்கு 15 மில்லி வீதம் உறைந்த பிளாஸ்மா ஏற்றினால் 45 மில்லி. அதன் பிளாஸ்மாவில் மூன்றில் ஒரு பங்கு! கொடையாளரின் ஆன்டிபாடி அங்கே நீர்ப்பதற்கு இடமே இல்லை. மாற்று ரத்தம் ஏற்றும்போது இன்னும் மோசம். பிரிக்காத முழு ரத்தம், பிளாஸ்மா, ஒரே கொடையாளரிடம் எடுத்த 200 முதல் 300 மில்லி தட்டணுப் பை ஆகிய மூன்றிலும் கொடையாளரின் ஆன்டிபாடி குறையாமல் போய்ச் சேரும். ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்துப் பல பைகள் ஏறும்போது ஒரு கொடையாளரின் ஆன்டிபாடி இன்னொரு கொடையாளரின் அணுவைத் தாக்கவும் முடியும்.

கேள்வி: எங்கள் சிறிய ரத்த மையத்தில் ஜெல் கார்டு வசதி இல்லை, டியூபில்தான் செய்கிறோம். ஸ்கிரீனிங் எல்லாம் நெகட்டிவ். ஆனால் கடைசியில் கன்ட்ரோல் செல் போட்டால் சில டியூபில் திரளுவதில்லை. மற்றதெல்லாம் சரியாக இருப்பதால் ரிப்போர்ட் கொடுத்துவிடுகிறோம். இது சரியா?
(திண்டுக்கல் மாவட்ட டெக்னீஷியன்)

பதில்: சரியில்லை. உடனே நிறுத்துங்கள். கன்ட்ரோல் செல் திரளாத டியூபின் முடிவு நெகட்டிவ் அல்ல. அந்த டியூபில் முடிவே கிடைக்கவில்லை. சோதனையை ஆரம்பத்திலிருந்து திரும்பச் செய்ய வேண்டும்.

காரணம் புரிந்தால் கை தானாகத் திருந்தும். கூம்ஸ் சீரம் என்பது மனித குளோபுலினைப் பிடிக்கும் சீரம். சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியும் குளோபுலின்தான், கழுவப்படாமல் டியூபில் மிதக்கும் மிச்சப் பிளாஸ்மாவில் இருப்பதும் குளோபுலின்தான். மிதப்பது முதலில் கூம்ஸ் சீரத்தைத் தின்றுவிடும், அணுவுக்கு எதுவும் மிஞ்சாது. ஆன்டிபாடி இருந்தும் டியூப் நெகட்டிவ்வாகத் தெரியும். ஐ.ஜி.ஜி. (ஆன்டிபாடியில் ஒரு வகை) பூசிய கன்ட்ரோல் செல்லைக் கடைசியில் போடுவதே, கூம்ஸ் சீரம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

முழு முறையையும் எழுதுகிறோம், உங்கள் மேஜையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டியூபுகளுக்கு முதலில் எண் போடுங்கள். ஒவ்வொன்றிலும் கொடையாளரின் பிளாஸ்மா இரண்டு சொட்டு, மூன்று சதவீத ஸ்கிரீனிங் செல் (ஆன்டிஜென் தெரிந்த ஓ குரூப் அணு) ஒரு சொட்டு. சலைனிலோ ஆல்புமினிலோ செய்தால் 37 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம். லிஸ் (உப்புச் செறிவு குறைந்த கரைசல்) சேர்த்தால் 15 நிமிடம் அளவில் போதும், ஆனால் பாட்டிலோடு வரும் தாளில் என்ன நேரமோ அதுதான் சட்டம். வெளியே எடுத்ததும் சுழற்றி, மேல் திரவம் சிவந்திருக்கிறதா, திரள் உண்டா என்று பாருங்கள். சிவந்திருந்தால் அணு உடைகிறது என்று பொருள், அதுவும் பாசிட்டிவ்தான். பிறகு மூன்று அல்லது நான்கு முறை கழுவி, கூம்ஸ் சீரம் இரண்டு சொட்டு விட்டு, சுழற்றி, மெதுவாக அசைத்துப் படியுங்கள். நெகட்டிவ் டியூப் ஒவ்வொன்றிலும் கன்ட்ரோல் செல் ஒரு சொட்டு.

தவறு பெரும்பாலும் கழுவுவதில்தான் நடக்கும். நான்கு மில்லி பிடிக்கும் டியூபை நிரப்பி, கொட்டியபின் 0.1 மில்லி மட்டுமே மிச்சம் வைத்தால் ஒரு கழுவலுக்கு 40 மடங்கு நீர்க்கும். மூன்று முறைக்கு 64,000 மடங்கு. அவசரத்தில் 0.4 மில்லி மிச்சம் விட்டால் ஒரு முறைக்குப் பத்து மடங்குதான், மூன்று முறைக்கும் சேர்த்து வெறும் 1,000. உங்கள் 'சில டியூப்' இங்கேதான் பிறக்கிறது. சலைனை வேகமாகப் பீய்ச்சி அடியில் கிடக்கும் அணு முழுவதையும் கலக்கி எழுப்புங்கள். கொட்டும்போது ஒரே வீச்சில் கவிழ்த்து, நிமிர்த்தும் முன் டியூபின் வாயை டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். கட்டைவிரலால் டியூபின் வாயை மூடி அசைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், விரலில் இருக்கும் பிளாஸ்மாவே போதும் கெடுக்க.

கழுவலை நடுவில் விட்டுவிட்டுப் போன் எடுக்கப் போகாதீர்கள். ஒட்டிய ஆன்டிபாடி அணுவிலிருந்து கழன்றுவிடும். கடைசிக் கழுவல் முடிந்ததும் தாமதமின்றி கூம்ஸ் சீரம் போய்விட வேண்டும். சலைனின் அமிலத்தன்மையும் பாருங்கள். பி.எச். 7.2க்கும் 7.4க்கும் நடுவில் இருக்க வேண்டும், நாள்பட வைத்திருந்த சலைன் அமிலமாகிப் பலவீனமான ஆன்டிபாடிகளைக் கழற்றிவிடும்.

கன்ட்ரோல் செல்லை நீங்களே தயாரிக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. ஓ பாசிட்டிவ் அணுக்களில் ஐ.ஜி.ஜி. ஆன்ட்டி-டியை அளவுக்கு மீறிப் பூசிவிட்டால், பாதி செத்த கூம்ஸ் சீரம்கூட அதைத் திரட்டிக் காட்டும். நீங்களும் எல்லாம் சரி என்று நம்பிவிடுவீர்கள். நல்ல கூம்ஸ் சீரத்தோடு இரண்டு பிளஸ் (திரளின் வலிமை, நான்கு பிளஸ் உச்சம்) வரும் அளவுக்கு ஆன்ட்டி-டியை நீர்த்துப் பூசுவதே சரி. நான்கு பிளஸ் வரும் கன்ட்ரோல் செல்லால் சோதனைக்குக் காவல் இல்லை.

தினமும் காலையில், வேண்டுமென்றே நீர்த்த பலவீனமான ஆன்ட்டி-டி ஒன்றையும் ஆன்டிபாடி இல்லாத ஏ.பி. சீரம் ஒன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். முதலாவது பிடிபடாத நாளில் அன்றைய வேலையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: ஜெல் கார்டு வாங்கிவிட்டால் இந்தக் கழுவல் தொல்லை எல்லாம் இல்லையாமே?
(ஈரோடு)

பதில்: இல்லை. 0.8 சதவீத செல் 50 மைக்ரோலிட்டர், பிளாஸ்மா 25 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 15 நிமிடம், சென்ட்ரிபியூஜில் 10 நிமிடம். அணுக்கள் ஜெல்லுக்குள் இறங்கும், பிளாஸ்மா மேலேயே நின்றுவிடும். அதனால் கழுவலும் வேண்டாம், கன்ட்ரோல் செல்லும் வேண்டாம். ஆனால் கார்டுக்கும் பத்தியம் உண்டு. முதலில் செல், பிறகு பிளாஸ்மா என்ற வரிசை மாறக் கூடாது. ஜெல்லுக்கும் மேலே விடும் திரவத்துக்கும் இடையில் காற்று இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்மா சுழலுக்கு முன்பே கூம்ஸ் சீரத்தைத் தொட்டு, டியூபில் நடந்த அதே கெடுதலைச் செய்யும். நன்றாக உறையாத சீரத்தில் ஃபைப்ரின் இழை இருந்தால் அணுக்கள் அதில் சிக்கி மேலே நின்று பொய்ப் பாசிட்டிவ் காட்டும், இ.டி.டி.ஏ. (உறைவுத் தடுப்பான்) சேர்த்த பிளாஸ்மா எடுத்தால் அந்தத் தொல்லை குறையும். ஜெல் வறண்டோ குமிழி விழுந்தோ இருக்கும் கார்டைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: மூன்று செல் ஸ்கிரீனிங் கிட் விலை அதிகம். அதுவும் சில வாரத்தில் காலாவதி ஆகிவிடுகிறது. எங்கள் கொடையாளர்களில் மூன்று பேரின் ஓ செல்லைக் கலந்து பூல் செய்து பயன்படுத்துகிறோம். போதுமா?
(திருநெல்வேலி)

பதில்: கொடையாளருக்கு மட்டும் என்றால், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல். நோயாளிக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

மூன்று பேரில் ஒருவரிடம் மட்டுமே ஒரு ஆன்டிஜென் இருந்தால், டியூபில் உள்ள அணுக்களில் மூன்றில் ஒன்றுதான் திரளும். மீதி இரண்டு பங்கு தனி அணுக்களுக்கு நடுவே அந்தச் சின்னத் திரள் கண்ணுக்குத் தப்பும். கொடையாளரின் பலவீனமான ஆன்டிபாடி தப்பினாலும் நோயாளியின் பிளாஸ்மாவில் அது மேலும் நீர்த்துவிடும், அதனால்தான் கொடையாளர் பக்கம் இந்தச் சலுகை. நோயாளியிடம் நிலைமை நேர்மாறு. தப்பவிட்ட பலவீனமான ஆன்டிபாடி, புதிய அணுக்களைப் பார்த்ததும் சில நாளில் பலமடங்கு பெருகி, ஏற்றிய ரத்தத்தை உடைக்கும்.

இன்னொரு குறை, ஆன்டிஜெனின் அளவு. கிட் (Kidd என்ற ரத்த வகை, சோதனை கிட் அல்ல), டஃபி, எம்.என். வகை ஆன்டிபாடிகள், ஆன்டிஜென் இரட்டைப் பங்கில் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து) உள்ள அணுவோடு நன்றாகத் திரளும், ஒற்றைப் பங்கு உள்ள அணுவோடு நெகட்டிவ்போலத் தெரியும். வாங்கும் கிட்டில் அணுக்களை இரட்டைப் பங்கு பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள், கூடவே ஆன்டிஜென் அட்டவணையும் வரும். கையில் கிடைத்த மூன்று ஓ கொடையாளர்களிடம் அந்த உத்தரவாதம் இல்லை. பூல்தான் வழி என்றால், குறைந்தது ஆர்எச் வகையின் டி, பெரிய சி, சிறிய சி, பெரிய இ, சிறிய இ ஐந்தும் கலவையில் வருமாறு கொடையாளர்களை டைப் செய்து தேர்ந்தெடுங்கள், அணுக்களைக் கழுவிப் புதிதாகத் தயாரியுங்கள். எங்கள் கருத்து: பிள்ளை பெற்ற பெண்களுக்கும் முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குமாவது மூன்று செல் கிட்டை ஒதுக்குங்கள். ஆன்டிபாடி அதிகம் கிடைப்பது அவர்களிடம்தான். படிவத்தில் அந்த இரண்டு கேள்விகளையும் தலையாட்டலோடு விட்டுவிடாமல் வாய்விட்டுக் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஸ்கிரீனிங் பாசிட்டிவ் வந்தால் அந்தப் பையை என்ன செய்வது? தூக்கி எறிவதா?
(சேலம்)

பதில்: முதலில் பிளாஸ்மாவையும் தட்டணுவையும் தனியே நிறுத்தி வையுங்கள், யாருக்கும் போகக் கூடாது. பிறகு என்ன ஆன்டிபாடி என்று கண்டுபிடியுங்கள். பதினொரு செல் பேனல் (ஆன்டிஜென் அட்டவணை தெரிந்த பதினொரு பேரின் அணுக்கள்) உள்ள பெரிய மையத்துக்கு மாதிரியை அனுப்பலாம். அந்த ஆன்டிஜென் உள்ள மூன்று செல்லாவது திரள வேண்டும், இல்லாத மூன்று செல்லாவது திரளாமல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தற்செயலாகவும் அப்படி அமைந்திருக்கலாம். கொடையாளரின் சொந்த அணுவில் அந்த ஆன்டிஜென் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். முடிவு குழப்பினால் பப்பாயின் போன்ற நொதியால் பதப்படுத்திய செல் உதவும். அது ஆர்எச், கிட் ஆன்டிபாடிகளைப் பெரிதாக்கிக் காட்டும். டஃபி, எம், என் ஆன்டிஜென்களை அழித்துவிடும்.

அறைச் சூட்டில் மட்டும் திரண்டு 37 டிகிரியில் மறையும் ஆன்ட்டி-எம், ஆன்ட்டி-லூயிஸ், ஆன்ட்டி-பி1 போன்றவை பெரும்பாலும் தீங்கற்றவை. 37 டிகிரியிலும் நிற்பது என்றால் கணக்கில் எடுங்கள்.

சிவப்பணுவை எறிய வேண்டியதில்லை. பிளாஸ்மா நன்றாகப் பிரிந்த எஸ்.ஏ.ஜி.எம். பையை மருத்துவ அதிகாரி ஒப்புதலோடு, லேபிளில் ஆன்டிபாடியின் பெயர் எழுதிப் பெரியவர்களுக்குத் தரலாம். சலைனில் கழுவிக் கொடுத்தால் இன்னும் நல்லது. திறந்த முறையில் கழுவினால் 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கு அந்தப் பை போகவே கூடாது. பிளாஸ்மாவை மருத்துவப் பயன்பாட்டிலிருந்து நீக்குங்கள். நல்ல டைட்டர் உள்ளதாக இருந்தால், தொற்றுச் சோதனைகள் நெகட்டிவ் என்று பார்த்துக்கொண்டு, கொடையாளரின் ஒப்புதலோடு லேபின் தினசரிக் கன்ட்ரோலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொடையாளரின் சொந்த அணுவே கூம்ஸ் சீரத்தோடு திரள்கிறது என்றால் அது வேறு கதை. அந்தப் பையை எந்த நோயாளியோடு கிராஸ்மேட்ச் போட்டாலும் சேராது. அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு கொடையாளருக்கு முன்பக்க குரூப்பிங்கில் (அவருடைய அணுவை வைத்துப் பார்ப்பது) ஓ. ஸ்கிரீனிங்கில் மூன்று செல்லும் நான்கு பிளஸ். அவருடைய சொந்த செல் மட்டும் நெகட்டிவ். இத்தனை ஆன்டிபாடியா ஒருவருக்கு?
(கோவை)

பதில்: ஒரே ஒரு ஆன்டிபாடியாக இருக்கலாம்: ஆன்ட்டி-எச். ஸ்கிரீனிங் செல் எல்லாமே ஓ குரூப், ஓ அணுவில்தான் எச் ஆன்டிஜென் மிக அதிகம். ஆன்ட்டி-எச் லெக்டின் (எச் ஆன்டிஜெனைப் பிடிக்கும் தாவரப் புரதம்) ஒரு சொட்டு அவருடைய செல்லில் விடுங்கள். திரளவில்லை என்றால் அவர் ஓ அல்ல, பாம்பே குரூப். 1952-இல் மும்பையில் பெண்டேயும் உடனிருந்தவர்களும் முதன்முதலில் விவரித்த குரூப் அது. அவருக்கு ஓ ரத்தமும் ஆகாது, இன்னொரு பாம்பே குரூப்பின் ரத்தம் மட்டும்தான் ஆகும். பின்பக்க குரூப்பிங்கில் (அவருடைய பிளாஸ்மாவை வைத்துப் பார்ப்பது) ஏ செல், பி செல்லோடு ஓ செல்லையும் வைக்கும் பழக்கம் உள்ள மையத்தில் இது முதல் நாளே பிடிபடும். அந்த ஒரு டியூபை மிச்சப்படுத்தும் மையம் அவருக்கு ஓ என்று அட்டை எழுதிக் கொடுத்துவிடும். அவருடைய உடன்பிறந்தவர்களையும் அழைத்துச் சோதியுங்கள், அவர்களில் பாம்பே குரூப் இருக்க நால்வரில் ஒருவர் என்ற அளவுக்கு வாய்ப்பு உண்டு.

லெக்டினோடு நன்றாகத் திரண்டால் அது பாம்பே இல்லை. எல்லோரிடமும் இருக்கும் ஒரு ஆன்டிஜென் இவரிடம் இல்லை என்று பொருள். 'இந்தியன்' என்றே பெயர் பெற்ற ஒரு ரத்த வகை அமைப்பில்கூட அப்படி ஒன்று உண்டு. மாதிரியை ஆய்வு மையத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சோதனைகளோடு இந்த ஆன்டிபாடி ஸ்கிரீனிங்கும் சேர்ந்ததுதானா?
(விழுப்புரம்)

பதில்: இல்லை. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தும் தொற்றைத் தேடுபவை. அவையும் நெகட்டிவ், குரூப்பும் சரி என்றால்கூட ஆன்டிபாடி பற்றி அவை எதுவும் சொல்லாது.

கேள்வி: என் மகளுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். கொடையாளர் ரத்தத்தை ஸ்கிரீன் செய்தால் அவளுக்குப் போதுமா?
(நாகர்கோவில் தந்தை)

பதில்: அவளுக்கு அதைவிட முக்கியம், அவளுடைய சொந்த ரத்தத்தில் ஆன்டிபாடி உண்டாகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு முறையும் பலரின் அணுக்கள் ஏறுவதால் அந்த வாய்ப்பு அவளுக்கு அதிகம். ஒவ்வொரு ஏற்றலுக்கும் முன்பு மூன்று நாளுக்குள் எடுத்த புது மாதிரியில் மூன்று செல் ஸ்கிரீனிங் செய்கிறார்களா என்று கேளுங்கள். போன மாத மாதிரி உதவாது. ஆர்எச் வகையின் சி, இ ஆன்டிஜென்களும் கெல்லும் பொருந்திய ரத்தம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நிறைய ரத்தம் ஏறியபின் அவளுடைய சொந்த அணுக்களை டைப் செய்வது கடினம். இதற்குள் டைப் செய்திருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுத்து ஃபைலில் முதல் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு முறை ஆன்டிபாடி கண்டுபிடித்தால் அது வாழ்நாள் முழுக்க மதிக்கப்பட வேண்டும். கிட் வகை ஆன்டிபாடிகள் சில மாதங்களில் சோதனைக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த ஆன்டிஜென் உள்ள ரத்தம் மீண்டும் ஏறினால் வேகமாகப் பெருகும். ஏற்றி ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் ஹீமோகுளோபின் சட்டென்று இறங்கினாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே ரத்த வங்கிக்குத் தெரிவியுங்கள். ஊர் மாறி வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அவளுக்கு எந்த ஆன்டிபாடி எந்தத் தேதியில் தெரிந்தது என்று எழுதிய தாளும் கூடவே போகட்டும்.